மூன்றாம் கியரில் தூங்கும் குழந்தை

பொன்னி பிறந்ததிலிருந்து முதுநகரில் அந்த வீட்டில் யாரும் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் கண்ணை மூடியதில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நீளமானது, அது கோயில் பதிவோடு சரி. வீட்டில் பொன்னி. பசி இல்லை, காய்ச்சல் இல்லை, வயிற்றுவலியும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தூக்கம் மட்டும்தான் இல்லை. தூளியில் போட்டால் வில்லாக வளைந்து அழுவாள். தோளில் போட்டால் சட்டைக் காலரைக் கவ்விக்கொண்டு அழுவாள். ஃபேன் காற்றில் கொஞ்சம் கண் சொருகும். ஆனால் அந்த 2008-ம் வருஷம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஃபேன் நின்ற நொடியில் எழுந்துகொள்வாள்.

அவளுடைய அம்மா மேரி ஷாலினி, பிரசவத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தவள். அவள் விரல்கள் தப்பு செய்யாது என்று அங்கே பேர். இப்போது அந்த விரல்கள் பால் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டு, வீடெல்லாம் தேடின. இரண்டு நாள் கழித்து வாடை வந்துதான் கண்டுபிடித்தார்கள்.

அப்பா மரிய அருளிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. முதுநகர் பேக்கரியிலிருந்து பன்னும் ரொட்டியும் ரஸ்க்கும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் வழியிலுள்ள டீக்கடைகளுக்கெல்லாம் போடுவது அவன் வேலை. பேச்சு குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் குழந்தை அழுகையைப் பற்றி முணுமுணுத்தபோதுகூட ஒரு பாக்கெட் ரஸ்க்கைக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி வந்துவிட்டான்.

ஒரு மாசி மாதத்து மத்தியானம், பொன்னிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுச் சிதம்பரத்திலிருந்து மூவரும் அந்த வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்ட வலியும் சேர்ந்துகொள்ள, அழுகை வெள்ளாற்றுப் பாலம் தாண்டியும் ஓயவில்லை. பி.முட்லூர் தாண்டியதும் முன்னால் ஒரு டிராக்டர். சேத்தியாத்தோப்பு ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுக் காலி டிரெய்லர் இரண்டை ஆட்டிக்கொண்டு ரோட்டை அடைத்துப் போனது. முந்த வழியில்லை. அருள் மூன்றாம் கியருக்கு இறங்கினான்.

அப்போது வண்டிக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே பாடுவதுபோல, ஒரே சுருதியில் நீளமாக, ஊம் என்று. மிதித்தால் கொஞ்சம் மேலே ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது.

பொன்னி அழுகையை நிறுத்தினாள். எதையோ கேட்பவள்போல வாயைத் திறந்தபடி இருந்தாள். அவளுடைய இமைகள் கீழே வந்தன, மேலே போயின, மறுபடி கீழே வந்தன. அப்புறம் மேலே போகவில்லை.

ஷாலினி மூச்சுவிடப் பயந்தாள். அருள் ஓரக்கண்ணால் பார்த்தான். டிராக்டர் ஆலப்பாக்கம் பக்கம் வலப்புறம் திரும்பி வழிவிட்ட பிறகும் அவன் வேகத்தைக் கூட்டவில்லை. அதே கியரில், பின்னால் பஸ்காரர்கள் ஹாரனை அலறவிட, ஊர் வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் இஞ்சினை நிறுத்தினான். பொன்னி கண்ணைத் திறந்து அழ ஆரம்பித்தாள். அவன் மறுபடி சாவியைத் திருப்பினான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மத்தியானச் சவாரிக்கு ஷாலினியும் குழந்தையும் முன்சீட்டில் ஏறிக்கொள்வார்கள். சிப்காட் ஆலைகளின் ரசாயன வாடை தாண்டும்வரை கண்ணாடியை ஏற்றி வைப்பார்கள். அதற்கப்புறம் இறக்கினால் ஒரு பக்கம் முந்திரித் தோப்பு, ஒரு பக்கம் உப்புக் காற்று, முதுகுக்குப் பின்னாலிருந்து சூடான ரொட்டி வாசனை. மூன்றாம் கியர் பாட ஆரம்பிக்கும். முதலில் பொன்னி தூங்குவாள். பெரியப்பட்டு வருவதற்குள் ஷாலினியின் தலையும் கதவுப் பக்கம் சாய்ந்துவிடும்.

அது முழுத் தூக்கமல்ல. கண் பாதி திறந்திருக்கும், ரோடு அதற்குள் வந்துகொண்டே இருக்கும். பனைமரங்கள் அவளைக் கடந்து போகாமல் அவளுக்குள்ளே போய் நின்றுகொள்ளும். ஒவ்வொரு டீக்கடையிலும் வண்டி நிற்பதும், அருள் இறங்கி டிரேயைத் தூக்குவதும் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெதுவாகத் தெரியும். இஞ்சினை மட்டும் அவன் நிறுத்த மாட்டான். எது பார்த்தது, எது கனவு என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"பெரியப்பட்டு திருப்பத்துல ஒரு வெள்ளக் குதிர நிக்குமே, அது யாரோடது?"

"குதிரையா?" அருள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "அங்க ஏது குதிர? நான் தெனம் போறேன், பாத்ததே இல்லியே."

மறுநாளும் குதிரை அங்கேதான் நின்றது, காதை ஆட்டிக்கொண்டு.

நாள் போகப்போகச் சத்தம் தடித்தது. முன்பு மூன்றாம் கியரில் மட்டும் கேட்டது, இப்போது இரண்டாவதிலும் கேட்டது. கியர் மாற்றும்போது உள்ளே எதுவோ நறநறவென்று கடித்தது. ஷாலினி அதைக் கவனித்தாள். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஆலப்பாக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த சபாபதிக்கும் அருளுக்கும் பள்ளிக்கூட நாள் முதலே பழக்கம். ஒருநாள் டயரில் காற்று பிடிக்க வண்டி அங்கே நின்றது. சபாபதி ஓஸ் பைப்போடு வந்தவன், இஞ்சின் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றான்.

"மச்சான், இத இன்னும் மாத்தலியா நீ? போன மாசமே சொன்னன் இல்ல, கியர் ஆயில் செத்துப்போச்சு, மாத்துன்னு. உள்ள பல்லு பல்லா தேஞ்சிகினு இருக்கு. ஒரு நாளு நடு ரோட்ல அப்படியே புடிச்சிக்கும்."

அருள் உஸ் என்று விரலை வாயில் வைத்தான். குழந்தைக்காக என்று சபாபதி நினைத்துக்கொண்டான். ஷாலினி கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "போன மாசமே சொன்னாரா?"

"ம்."

"அப்பறம் ஏங்க மாத்தல?"

அவன் ரோட்டைப் பார்த்தபடி இருந்தான். "ஆயில மாத்தினா சத்தம் போயிடும் ஷாலி."

அவள் மடியிலிருந்த முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியில் வியர்வை, உதட்டோரத்தில் பால் காய்ந்த தடம். அப்புறம் அவனைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. சோறு போடும் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறான் இந்த மனுஷன், ஒரு வார்த்தை சொல்லாமல். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே இன்னொன்றும் வந்தது, அதற்கு அவளிடம் பெயரில்லை.

"வண்டி நின்னுட்டா என்னா பண்ணுவீங்க?"

"அப்ப பாத்துக்கலாம். இப்ப தூங்கட்டும்."

"இல்ல. மாத்திடலாம்" என்றாள். "என்ன ஆனாலும் ஆவட்டும்."

மறுநாள் சிதம்பரம் பைபாஸில் இருந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி. நீலச் சட்டை போட்ட ஒரு பையன் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"காலைல விட்டுட்டுப் போங்க சார். முன்னாடி நெறைய வண்டி நிக்குது. நாளன்னிக்கி சாயந்தரம் எடுத்துக்கலாம்."

"உக்காந்திருந்து எடுத்துக்கினு போவ முடியாதா?" என்றாள் ஷாலினி. வண்டி இல்லாத இரண்டு நாளை நினைத்தபோதே அவளுக்குக் காது அடைத்தது. வாசலில் அருள் இஞ்சினை நிறுத்திவிட்டு வந்திருந்ததால் பொன்னி ஏற்கெனவே சிணுங்க ஆரம்பித்திருந்தாள்.

"கஷ்டம் மேடம்." அவன் குழந்தையைப் பார்த்தான், பெற்றவர்களின் கண்களையும் பார்த்தான். "கியர் ஆயில் மட்டும்தான? நீங்களே மாத்தலாம் சார். இங்க ஆயில் வாங்கிக்கோங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, சூடா இருக்கும்போது எறக்குங்க. அப்பதான் முழுசா வரும். மேல ஊத்துற போல்ட்ட மொதல்ல கழட்டிப் பாத்துட்டு அப்பறமா கீழ தொறங்க. கீழ தொறந்துட்டு மேல கழலலன்னா வண்டி அங்கியே நின்னுடும்."

தொண்ணூறாம் நம்பர் ஆயில் டின்னும், போல்ட்டுக்குப் போடப் புதுச் செம்பு வாஷரும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். ரொட்டி டிரே இருக்கும் இடத்தில் ஒரு பழைய பேசின், ஸ்பேனர்கள், ஒரு முழ இரும்புப் பைப், புனல், ரப்பர் ஓஸ், தூளி கட்ட ஷாலினியின் பழைய நூல்சேலை. ஆயில் சூடாகவேண்டும், அதனால் சிதம்பரம் போய்த் திரும்பி வருவதென்று முடிவு. போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனார்கள். பொன்னி அயர்ந்து தூங்கினாள். ஷாலினி அன்றைக்குத் தூங்கவில்லை. பெரியப்பட்டுத் திருப்பம் வந்தது. வெறும் வேலிக்காத்தான் புதர், அதன்மேல் யாரோ காயப்போட்ட வெள்ளை வேட்டி. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டி, ஒரு சவுக்குத் தோப்புக்குள் போகும் வண்டித்தடத்தில் அருள் திருப்பினான். மண் கெட்டியாக, மட்டமாக இருந்த இடமாகப் பார்த்து நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். அதற்குள் ஷாலினி சேலையை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தாள். இஞ்சின் நின்றது. பொன்னியின் புருவம் நெளிந்தது. மடியின் சூடு ஆறுவதற்குள் அவளைத் தூளியில் வழுக்கிவிட்டுக் கையை உருவிக்கொண்டு, ஷாலினி அசையாமல் நின்றாள். அழவில்லை. நம்ப முடியவில்லை, ஆனால் அழவில்லை.

"சீக்கிரம்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அருள் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனான். மேல் போல்ட்தான் முதலில். அது அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் செருகி இழுத்தான். ஸ்பேனர் வழுக்கியது. அவன் தலை மட்டும் வெளியே வந்தது.

"நீ வந்து ஸ்பேனர புடிக்கணும். நான் பைப்ப தள்றேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டிய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் அடியில் போனாள். அப்படி ஒரு உலகம் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. சூடான இரும்பு, காய்ந்த சேறு, ஒரு வைக்கோல் துணுக்கு, ஒரு சிலந்தி. இத்தனை நாள் மகளைத் தூங்கவைத்த பெட்டி அவள் முகத்துக்கு நேர் மேலே, சின்னப் பானை அளவுக்கு, அழுக்கு அப்பித் தொங்கியது. அவள் இரண்டு கையாலும் ஸ்பேனரை அழுத்திப் பிடித்தாள். அவன் காலை மண்ணில் ஊன்றிப் பைப்பைத் தள்ளினான். டக் என்று ஒரு சத்தம். போல்ட் வழிக்கு வந்தது.

அதற்குப் பிறகு கீழ் போல்ட். அது லேசாகக் கழன்றது. பேசினுக்குள் ஆயில் ஒரு கயிறு மாதிரி இறங்கியது. கறுப்புதான், ஆனால் இலைகளுக்கு நடுவே இறங்கிய வெயில் பட்ட இடத்தில் உள்ளே எதுவோ மினுங்கியது. பொடிப்பொடியாக, வெள்ளியாக, சுழன்று சுழன்று. கழற்றிய போல்ட்டின் முனையில் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் மயிர்போல ஒட்டியிருந்தது.

"அழகா இருக்குங்க" என்றாள்.

"பல்லு அது" என்றான் அருள். "தேஞ்ச பல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் சிரித்தான். சத்தம் வராமல் சிரித்ததில் இரண்டு பேருக்கும் வயிறு குலுங்கியது.

கயிறு நூலானது, நூல் சொட்டானது. கடைசிச் சொட்டு வரை வடியட்டும் என்று அருள் சொன்னான். பேசினை நேராக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் மல்லாந்தான். நிழல், கீழே ஜில்லென்ற மண், மேலே வண்டி, இரண்டு பக்கமும் வெயில் ஒரு திரைபோல. ஒன்றையும் தூக்கிச் சுமக்காமல் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் படுத்து எவ்வளவு காலமாயிற்று என்று அவள் யோசித்தாள். சொட்டு. அதைச் சொல்லலாம் என்று நினைத்தாள். சொட்டு. நாக்கு புரளவில்லை. சொட்டு.

அவள் வீட்டு அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே வெள்ளாறு ஓடிக்கொண்டிருந்தது. கரை நெடுக யாரோ கருவாடு மாதிரி பன்களைக் காயப்போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சென்டர் பிள்ளைகள் தண்ணீரில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு எழுத்தும் மீனாகத் துள்ளி விழுந்தது. அக்கரையில் பொன்னி நின்றாள். நடக்கத் தெரியாத பிள்ளை எப்படி நிற்கிறாள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அம்மா, நீ தூங்கு, நான் பாத்துக்கறேன் என்று பொன்னி பெரிய மனுஷிபோலச் சொன்னாள். சரி என்று ஷாலினி ஆற்றில் இறங்கிப் படுத்துக்கொண்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

கண் விழித்தபோது வெயில் திரை இடம் மாறியிருந்தது. சொட்டுவது நின்றிருந்தது. எங்கும் சத்தமே இல்லை.

எங்கும் சத்தமே இல்லை என்பது உறைத்ததும் அவள் எழப்போய்த் தலையை இடித்துக்கொண்டாள். "ஏங்க, புள்ள" என்று அவனை உலுக்கிவிட்டு ஊர்ந்து வெளியே வந்தாள்.

தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில், மரத்தில் சாய்ந்து ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆடுகள். கால் கட்டைவிரலில் சேலையின் முனையைக் கோத்து ஆட்டிக்கொண்டே வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். உள்ளே பொன்னி முழுசாக விழித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி கிடந்தாள். சவுக்கு இலைகள் அசைய அசைய அவள் கைவிரல்களும் அசைந்தன.

"எழுந்தியாம்மா?" என்றாள் அந்த அம்மாள். "நாலு காலு வண்டிக்கு அடியில நீட்டிகினு கெடக்குது. செத்துப்போயிட்டாங்களோன்னு கிட்ட வந்து பாத்தன். கொறட்ட கேட்டுது. சரி, தூங்கட்டும்னு உக்காந்துட்டன்."

"அழுதாளா?"

"இல்லியே. அப்பவே முழிச்சிக்கிச்சி. பாத்துகினே இருக்குது. நல்ல புள்ள."

பொன்னியை யாரும் அதுவரை நல்ல பிள்ளை என்று சொன்னதில்லை. அந்த அம்மாளின் பெயர் சின்னம்மாள். புது ஆயில் ஊற்றி முடிக்கும்வரை இருக்கிறேன் என்று அவளே சொன்னாள்.

அருள் கீழே போய் அடி போல்ட்டைப் புது வாஷர் போட்டு இறுக்கினான். ஓஸின் ஒரு முனையை மேல் துளைக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டான். இஞ்சின் பக்கம் மறு முனையில் புனலை வைத்து ஷாலினி ஊற்றினாள். தேன்போல, அவசரமே இல்லாமல் இறங்கியது அது. கொஞ்சம் ஊற்றுவாள், காத்திருப்பாள், மறுபடி ஊற்றுவாள். கடைசியில் கீழிருந்து, "போதும், வழியுது" என்று குரல் வந்தது. துளை மட்டத்துக்கு வந்து வழிந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மேல் போல்ட்டையும் இறுக்கிவிட்டு வெளியே வந்தான். பழைய ஆயிலை, வெள்ளி மினுக்கோடு, காலி டின்னில் ஊற்றி மூடினான். அதைச் சபாபதி கடையில் கொடுத்துவிடலாம்.

சின்னம்மாளுக்கு ஒரு பாக்கெட் ரஸ்க் கொடுத்தார்கள். அதில் பாதியை ஆடுகள் தின்றன.

ரோட்டுக்கு வந்து அருள் கியர் மாற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. சத்தம் இல்லை. டயர் உருளுவதும் காற்றும் மட்டும் கேட்டன. இரண்டு பேரும் மடியைப் பார்த்தார்கள். பொன்னி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனைமரம், வைக்கோல் போர், சைக்கிளில் ஒரு தாத்தா. பரவாயில்லை என்று ஷாலினி நினைத்தபோது, ஆலப்பாக்கத்தில் அழுகை ஆரம்பித்தது. வீடு வரை நிற்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள் மோசம். மத்தியானச் சவாரியில் அருள் தானே வாயை மூடிக்கொண்டு ஊம் என்று பாடிப்பார்த்தான். அவன் தொண்டை ஊர் தாண்டுவதற்குள் கட்டிக்கொண்டது. பொன்னி அவனை அதிசயமாகப் பார்த்துவிட்டு மேலும் பலமாக அழுதாள். ஷாலினி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, அவனை நிறுத்தச் சொன்னாள். அதோடு மத்தியானச் சவாரியும் நின்றது.

பங்குனி கடைசியில் பொன்னிக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்தன. அதனாலோ, வேறு எதனாலோ, யாருக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் ஷாலினி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பொன்னி பக்கத்தில் பாயில் ஒரு துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் குரலே வரவில்லையே என்று திரும்பினால், துண்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். கரண்ட் இல்லை, ஃபேனும் ஓடவில்லை. ஷாலினி மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பார்த்தாள். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கிடைத்த நேரத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பேசாமல் பாயின் ஓரத்தில், வெறும் சிமெண்டுத் தரையில் தலையை வைத்தாள்.

எப்போதோ வாசலில் வண்டி வந்து நின்றது. அருள் வந்திருக்கிறான் என்று தூக்கத்துக்குள்ளேயே தெரிந்தது. செருப்பை அவன் வெளியிலேயே கழற்றும் ஓசை கேட்டது. கதவு திறந்து, வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். பசியோடு வந்திருப்பான், எழுந்து சோறு போடவேண்டும் என்று நினைத்தாள். எழவில்லை. கொஞ்சம் கழித்து, அடுப்பங்கரையில் பாத்திரத்தின் மூடியைச் சத்தம் வராமல் அவனே எடுப்பது கேட்டது. ஷாலினி கண்ணைத் திறக்காமல் ஒருக்களித்துப் படுத்தாள்.